தண்ணிக் கழிவு

பொகவந்தலாவைக் கிளை, மூன்றாம் கவுண்டர்.
என் கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால்
என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
கூடினால் வங்கிக்கு.
பதினோரு வருடமாக நான் படித்த சட்டம் இவ்வளவுதான்.

செவனம்மா வந்தது ஒரு செவ்வாய். மழை.
கீழ்க்கணக்கு, ஏழாம் நம்பர் லயம்.
அந்தக் கணக்கில் முப்பத்தொரு வருடம் பேர் போட்டவள்.
அதன் சேமலாபப் பணம்
ஏழு லட்சத்து நாற்பதாயிரம்
எங்கள் கணக்கில் இருந்தது, ஐந்து வாரம்.

அழைத்தவன் தமிழில் பேசினானாம்.
இந்த மலையில் அவளை
"நீங்க" என்ற முதல் அதிகாரி.

எங்கள் எச்சரிக்கை ஆங்கிலத்தில் போயிற்று,
யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று.
நடுவே ஆறு இலக்கம்.
அவளுக்கு எழுத்துத் தெரியாது. இலக்கம் தெரியும்.
மடுவத்தில் நெறுவைக்காரன் ஏய்க்காதிருக்க
தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்துத்
தானே பழகிய இலக்கம்.
தெரிந்ததை வாசித்தாள்.

பதினாறு நிமிடம்.
அவள் ஒருநாளும் தொடாத ஆப் வழியாக
நான்கு துண்டுகளாய்ப் பணம் போய் இறங்கியதும்
எங்கள் வங்கியில்தான். வத்தளைக் கிளை.
பிறந்து ஆறு நாளான கணக்கு.

செவனம்மா கணக்குத் திறக்க வந்தபோது
லயத்துக்கு விலாசம் இல்லை என்று
திருப்பி அனுப்பியவள் நான்.
தோட்டத்துக் கடிதம், கிராம சேவகர் கடிதம்,
பிறகு அந்தக் கடிதத்தில் பெயர் பிழை.
மூன்று நாள் பேர் போயிற்று அவளுக்கு.
வத்தளையில் அவனிடம் யார் என்ன கேட்டார்கள்?

போன மார்கழியில் வேறொரு கொழுந்துக்காரிக்கு
ஆயிரம் கூடக் கொடுத்துவிட்டேன்.
மெனேஜர் முச்சக்கர வண்டி பிடித்து என்னை அனுப்பினார்.
இருட்டில் லயத்து வாசலில் நின்று
திருப்பி வாங்கினேன்.
பிழை எங்களுடையது. பணமும் எங்களுடையது.

முறைப்பாட்டுப் படிவம், கேள்வி பதினான்கு:
தவறு யாருடையது.
இரண்டே கட்டம். வாடிக்கையாளர். மூன்றாம் தரப்பு.
அடிமட்டம் வைத்து மூன்றாவதாய் ஒரு கட்டம் கீறினேன்.
பெயர் எழுதவில்லை.
என் துணிச்சல் அவ்வளவுதான்.
மெனேஜர் பார்த்துவிட்டுப்
புதுப் படிவம் ஒன்று தந்தார்.

"களவு போனது ஒங்க பெட்டியிலேர்ந்துதானே, தங்கச்சி.
என் கதவ யாரும் ஒடைக்கலியே.
அப்புறம் எப்படி
என் பணம் மட்டும் கொறையும்?"

வாய் திறந்தேன்.
அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தது.

ஏழு வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து பதில்.
ஒரு பக்கம். ஆங்கிலம்.
வாசிச்சுக் காட்டு என்றாள்.
"வாடிக்கையாளரின் கவனயீனம்"
என்ற இடத்தில் நிறுத்தினாள்.
கவனயீனம்னா?
சின்னதாய் ஒரு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.
அவளே கண்டுபிடித்தாள்.
"ஓ. தண்ணிக்குக் கழிச்சிட்டாங்க."

கொழுந்தில் ஈரமாம், ரெண்டு கிலோ கழிவு.
மாசியில், மலை காய்ந்து கிடக்கையிலும் கழிப்பார்களாம்.
ஈரம் எங்கே என்று கேட்டால்
அது சாக்குக்கு என்பார்களாம்.

கடிதம் கிடைத்ததற்குக் கைநாட்டு வேண்டும்.
மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினேன்.
பெருவிரலைச் சேலையில் துடைத்தாள்,
துடைத்த கையை மடியில் வைத்துக்கொண்டாள்.
"நான் பாக்காம நெறுத்த கொழுந்துக்கு
எப்பவும் வெச்சதில்ல."

குடையை விரிக்காமலே போனாள்.

நாலரைக்குக் கல்லா எண்ணினேன்.
ஒரு சதம் குறையவில்லை.
குறையவில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.
மைப்பெட்டி இன்னும் திறந்தே கிடந்தது.
மூட என் கைதான் போக வேண்டும்.